துரு தின்ற காற்று

கேள்வி: எங்களிடம் 5,000 லிட்டர் கொள்ளளவுள்ள இரும்புத் தண்ணீர் டேங்கர் ஒன்று இருக்கிறது. கோடையில் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற டிராக்டரில் மாட்டி ஓட்டுவோம். ஐப்பசி மழை தொடங்கியதும் மூடி இறுக்கி நிறுத்தியதை, வைகாசியில் உள்ளே சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம் என்று திறந்தோம். இறங்கிச் சுரண்ட ஆரம்பித்த தம்பி ஐந்தாறு நிமிடத்தில் கால் மடங்கிச் சரிந்துவிட்டான். தண்ணீரைத் தவிர வேறு எதையும் அந்த டேங்கரில் ஊற்றியதில்லை. மருந்து வாடை இல்லை, சாண வாடையும் இல்லை. ஊரில் காத்து கருப்பு என்கிறார்கள். என்னதான் நடந்தது? இனிமேல் அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ தொட்டி செய்துகொள்வது நல்லதா?

– வேடசந்தூர் பகுதி வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி பிழைத்துக்கொண்டார் என்பதுதான் முதலில் சொல்ல வேண்டிய செய்தி. இன்னொரு செய்தியைக் கடிதத்தின் கடைசியில் வாசகர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். மகன் சரிந்ததைப் பார்த்த தகப்பனார், இடுப்பில் கயிறுகூடக் கட்டாமல் தானும் உள்ளே இறங்கக் காலை விட்டிருக்கிறார். வீட்டு மருமகள் அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியிருக்கிறார். தம்பி விழுந்தது மூடிக்கு நேர் கீழே. அதனால் அண்ணனும் பக்கத்து வயல்காரரும் டேங்கர் மேல் குப்புறப் படுத்து, கையை மட்டும் உள்ளே நீட்டித் தோளைப் பற்றித் தூக்க முடிந்தது. வெளிக்காற்று பட்டுச் சில நிமிடத்தில் கண் விழித்தவருக்குத் தலைவலி மறுநாள் வரை இருந்ததாம். அந்த மருமகள் ஒரு நொடி தயங்கியிருந்தால் அன்று உள்ளே இரண்டு பேர் கிடந்திருப்பார்கள். இரண்டு பேரை அந்தச் சின்ன வாய் வழியாகத் தூக்குவது லேசான காரியமில்லை.

காத்து கருப்பு என்றதில் பாதி சரி. காற்றுதான் காரணம். கருப்பைத் தேட வேண்டியதில்லை, டேங்கரின் உள்சுவரில் செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. துருதான் அது.

மேலும் விசாரித்ததில் இரண்டு விவரங்கள் தெரிந்தன. தண்ணீர் திறக்கும் வால்வு அடித்தட்டுக்குச் சற்று மேலே இருப்பதால், எவ்வளவு வடித்தாலும் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றுவிடும். ஏழு மாதமும் அது அங்கேயேதான் இருந்தது. இன்னொன்று, மூடியைத் திறக்கவே முடியவில்லை. ரப்பர் வளையம் வைத்த மூடி உறிஞ்சிப் பிடித்ததுபோல இருந்தது. கடப்பாரையால் நெம்பியபோது உஸ்ஸென்று சத்தம் கேட்டது. காற்று வெளியே வரவில்லையாம், உள்ளே போயிற்றாம். இந்த ஒரு விவரம் போதும், நடந்ததைக் கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிவிடலாம்.

இரும்பு துருப்பிடிப்பது என்றால், காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்வது என்று பொருள். வேலியோரம் கிடக்கும் மண்வெட்டி துருப்பிடிக்கும்போதும் ஆக்சிஜன் போகத்தான் செய்கிறது. ஆனால் போன இடத்துக்கு ஊர்க்காற்று முழுவதும் வந்து நிரப்பிவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. மூடிய டேங்கருக்குள் எடுத்தது எடுத்ததுதான். ஈடு செய்ய யாரும் வர முடியாது. காற்றின் ஒரு பகுதி திடப்பொருளாகிச் சுவரில் ஒட்டிக்கொள்வதால் உள்ளே அழுத்தம் குறைகிறது. மூடி உறிஞ்சிப் பிடித்தது அதனால்தான்.

ஐயாயிரம் லிட்டர் காற்றைத் தின்றுதீர்க்க எவ்வளவு இரும்பு துருப்பிடிக்க வேண்டும்? கணக்கைப் போட்டுப் பார்த்தால் நம்பவே தோன்றாது. அந்த டேங்கரில் அடங்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனின் எடை சுமார் 1.4 கிலோ. ஒரு கிலோ இரும்பு முழுவதும் துருவாக மாற ஏறத்தாழ 430 கிராம் ஆக்சிஜன் தேவை. ஆக, உள்ளே இருக்கும் ஆக்சிஜனில் பாதியைக் காலி செய்ய 1.6 கிலோ இரும்பு துருப்பிடித்தால் போதும். டேங்கரோ அரை டன் எடை. உள்சுவரின் பரப்பு கிட்டத்தட்ட 17 சதுர மீட்டர். அந்த 1.6 கிலோவை அதில் பரப்பினால், தகட்டின் கனத்தில் போவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். நோட்டுத் தாளின் கனத்தில் எட்டில் ஒரு பங்கு! ஈரமும் வெறும் இரும்பும் சேர்ந்த இடத்தில் ஏழு மாதத்தில் இவ்வளவு துரு பிடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. டேங்கர் ஓட்டையாகவில்லை, தட்டிப் பார்த்தால் கணீரென்று இருக்கிறது, ஆகவே பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை என்று நினைப்பது இங்கேதான் ஏமாற்றிவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் கணக்கு. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன். அதில் 10 பங்கைத் துரு எடுத்துக்கொண்டால் மிச்சம் 11 பங்கு. காலியான அந்த 10 பங்கு இடத்துக்கு மூடியை நெம்பியபோது வெளிக்காற்று புகுந்தது. அதில் ஆக்சிஜன் 2 பங்கு. மொத்தம் நூற்றுக்கு 13. இது யாரும் கருவி வைத்து அளந்த எண் அல்ல, பாதி ஆக்சிஜன் போயிருந்தால் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஆனால் தம்பிக்கு நடந்ததோடு நன்றாகப் பொருந்துகிறது. நூற்றுக்கு 19.5 பங்குக்குக் கீழே போனாலே அந்த இடத்தில் ஆள் இறங்கக்கூடாது என்பது தொழிற்பாதுகாப்பு விதி. 16 பங்கில் தலை கிறுகிறுக்கும். 12 முதல் 14 பங்கில் நிதானம் தவறும், உடலை வருத்தி வேலை செய்தால் மயக்கம் வரும். 10-க்குக் கீழே நினைவு தப்பும். 6-க்குக் கீழே சில நிமிடத்தில் உயிர் போய்விடும். மூடிக்கு நேர் கீழே 13 இருந்தது என்றால், தூரத்து மூலையில் அதைவிடக் குறைவாகவும் இருந்திருக்கலாம். தம்பி மூலையிலிருந்து சுரண்ட ஆரம்பிக்காததும் அவர் நல்ல நேரம்.

மூச்சு முட்டினால் வெளியே வந்துவிடலாமே என்று பலரும் கேட்பதுண்டு. மூச்சு முட்டாது. அதுதான் இதிலுள்ள ஆபத்தே. குளத்தில் முங்கி மூச்சடக்கும்போது நெஞ்சு தவிப்பது பெரும்பாலும் உடம்புக்குள் கரியமில வாயு சேர்வதால். துருப்பிடித்த தொட்டியில் கரியமில வாயு கூடுவதில்லை. ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாமல் குறைந்திருக்கிறது. உடம்பு எச்சரிக்கை கொடுக்காது, வாடையும் இராது. "கொஞ்சம் களைப்பா இருக்கு" என்று தோன்றும், அடுத்த நிமிடம் முழங்கால் மடங்கும்.

சரி, இரும்பின் மேல் ஒரு தடவை துரு மூடிவிட்ட பிறகு, அடியில் இருக்கும் இரும்புக்கு ஆக்சிஜன் எப்படித்தான் போகிறது? மேலே மூடியதும் நின்றுவிட வேண்டாமா? வாசகரின் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது. அலுமினியத்தின் மேலும் இதேபோல ஓர் ஆக்சைடு மூடுகிறது, அங்கே நின்றும்விடுகிறது. எவர்சில்வரிலும் அப்படியே. இரும்பில் மட்டும் ஏன் நிற்பதில்லை?

ஈரத்தில் பிடிக்கும் துருவை உதறிப் போட்ட வைக்கோல் போலக் கருதலாம். மூடியிருப்பதாகத் தெரியும், ஆனால் உள்ளே எங்கும் சந்துதான். சந்துகளில் நீர் நிற்கும், அந்த நீரில் காற்றின் ஆக்சிஜன் கரைந்து இறங்கும். இரும்பு ஓரிடத்தில் நீரில் கரைந்து வெளியேறும்போது தன் எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அவை தகட்டின் வழியே வேறோர் இடத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. கரைந்த இரும்பும் இந்தப் பக்கம் உருவான பொருளும் நடுவழியில் சந்தித்துத் துருவாகப் படிகின்றன. இரும்பின் தோலோடு தோலாக ஒட்டாமல் சற்றுத் தள்ளி நீருக்குள் உருவாவதால், அது அடைப்பாக அமைவதில்லை. போதாததற்கு ஊதிக்கொள்கிறது. ஈரத்துரு, தான் உண்டான இரும்பைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். பழைய காங்கிரீட் வீடுகளில் கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சு பாளம் பாளமாக விழுவதைப் பார்க்காத கிராமம் இல்லை. காங்கிரீட்டையே பிளக்கும் அந்த வீக்கம், தன்னைத் தானே பிளந்துகொள்ளாமல் இருக்குமா? பொருக்கு பொருக்காகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றுக்கு முகம் காட்டும்.

உப்பு சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். உவர்ப்பான போர்வெல் தண்ணீர் ஏற்றும் டேங்கரும், பொட்டாஷ் கரைசல் ஊற்றிவிட்டுக் கழுவாத டிரம்மும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பது அதனால்தான். பொட்டாஷில் இருக்கும் குளோரைடு சமையல் உப்பில் இருக்கும் அதே சரக்கு.

தண்ணீரே இல்லாமல் நடக்கும் ஆக்சைடு ஒன்று உண்டு. அதைப் பார்க்க வேண்டுமானால் கொல்லுப்பட்டறைக்குப் போக வேண்டும். அரிவாளைச் சிவக்கக் காய்ச்சிப் பட்டறைக்கல்லில் வைத்து அடிக்கும்போது கருஞ்செதில்கள் தெறித்து விழும். அதுவும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான். ஆனால் ஈரத்துரு போலப் பொத்தலானதல்ல, கெட்டியானது. கெட்டியான அடுக்கைத் தாண்டி ஆக்சிஜன் எப்படிப் போயிற்று என்று கேட்டால், கேள்வியே தவறு என்று காட்டிவிட்டார் ஒருவர். எல். பி. ஃபைல் என்ற ஆய்வாளர் 1929-ல் வெளியிட்ட சோதனை அது. இரும்பின் மேல் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடைப் பூசி அடையாளம் வைத்தார். பிறகு உலையில் வைத்துக் காய்ச்சினார். ஆக்சிஜன்தான் உள்ளே இறங்கிப் போய் இரும்போடு சேர்கிறது என்றால், பச்சை அடையாளம் செதிலுக்கு மேலே நிற்க வேண்டும். வெட்டிப் பார்த்தபோது அது செதிலுக்குள் புதைந்து கிடந்தது. அடையாளத்தைத் தாண்டி இரும்புதான் வெளியே ஏறி வந்து, மேலே காத்திருந்த ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது.

கெட்டியான ஒன்றுக்குள் இரும்பு எப்படி நடக்கும்? நடவு வயலை நினைத்துப் பார்த்தால் புரியும். வரிசையாக நட்டாலும் அங்கங்கே பயிர் பிடிக்காமல் பாடுவாசி விழுகிறது. கருஞ்செதிலின் பெரும்பகுதியும் அப்படித்தான். இரும்பு இருக்க வேண்டிய நூறு இடங்களில் ஐந்து, பத்து இடம் காலியாகவே இருக்கும். பக்கத்திலுள்ள இரும்பணு தாவி அந்தக் காலியிடத்தில் உட்காரும். அது விட்டுவந்த இடம் காலியாகும், அதில் கீழேயுள்ளது தாவும். இப்படிக் காலியிடம் கீழே கீழே போக, இரும்பு மேலே மேலே வரும். சூடு கூடக் கூடத் தாவல் வேகம் பிடிக்கும். இந்த அடுக்குக்கு மேலே இன்னும் இரண்டு மெல்லிய அடுக்குகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் சிவந்த அடுக்கில் ஆக்சிஜனும் உள்நோக்கி நகர்கிறது. ஆனால் மொத்தத்தில் கொல்லர் உலையில் பயணம் செய்வது இரும்புதான்.

எல்லா உலோகமும் இப்படியா என்றால் இல்லை. சிர்கோனியத்தில் நேர் எதிர். அதன் ஆக்சைடுக்குள் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்களில் பாடுவாசி விழுகிறது, ஆகவே ஆக்சிஜன்தான் தாவித் தாவி உள்ளே போகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் யுரேனியம் வில்லைகளை அடைக்கும் குழாய் சிர்கோனியக் கலவையில் செய்யப்படுகிறது. அந்தக் குழாயின் மேல் படியும் ஆக்சைடு எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்பதை அங்கே கண்ணும் கருத்துமாகக் கவனிப்பார்கள். வீட்டு வாசலில் நிற்கும் பி.எஸ்.6 பைக்கின் புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் உணரி இருக்கிறதே, அதில் பெரும்பாலும் வேலை செய்வதும் இதே சிர்கோனியம் ஆக்சைடுதான். சூடானால் ஆக்சிஜனுக்கு வழிவிடும் அதன் குணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

கெட்டியான அடுக்கு எதுவானாலும் ஒரு பொதுக்குணம் உண்டு. கனம் கூடக் கூட வளர்ச்சி மந்தமாகும். தலைமடைக்கு உடனே வரும் தண்ணீர் கடைமடைக்கு வர நாளாவது போல, நகர வேண்டிய தூரம் கூடினால் வரத்து குறையும். கனம் இரண்டு மடங்காக நான்கு மடங்கு நேரம், மூன்று மடங்காக ஒன்பது மடங்கு நேரம். 1920-ல் டாம்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கணக்கைக் கண்டார். அடுக்குக்குள் உலோகமும் ஆக்சிஜனும் மின்னேற்றம் பெற்ற துகள்களாக நகர்வதால்தான் இப்படி என்று 1933-ல் இன்னொரு ஜெர்மானியரான கார்ல் வாக்னர் விளக்கினார். அடுக்கு விரிசல் விடாமல் நிற்கும் வரைதான் இந்தக் கணக்கு பலிக்கும். விரிசல் விட்டால் முதலிலிருந்து ஆரம்பம்.

அலுமினியத்துக்கு வருவோம். அதைச் சீவிய மறுகணமே ஆக்சைடு மூடிவிடும். அந்த மூடலின் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டு, மூன்று பங்கு. கண்ணுக்குத் தெரியாது, அலுமினியம் அலுமினியமாகவே பளபளக்கும். அவ்வளவு மெல்லியது எப்படிக் காக்கிறது? இரண்டு காரணம். அது அலுமினியத்தைவிடக் கொஞ்சம்தான் அதிக இடம் கேட்கிறது, 100 பங்கு உலோகத்துக்கு 128 பங்கு ஆக்சைடு. அளவெடுத்துத் தைத்த சட்டை போல இறுக்கமாக உட்காருகிறது. இரும்பின் ஆக்சைடு, அதுவும் காய்ந்த ஆக்சைடே, இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். மக்னீசியத்தில் 81 பங்குதான், உடம்பை மூடவே துணி போதாது. இந்த அளவை உலோகம் உலோகமாகக் கணக்கிட்டு 1923-ல் எழுதியவர்கள் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர். இன்னொரு காரணம், அலுமினிய ஆக்சைடில் பாடுவாசி மிகக் குறைவு. நம் ஊர் வெயிலின் சூட்டில் உள்ளே எதுவும் தாவ முடியாது. ஆரம்பத்தில் மெல்லிய அடுக்கின் குறுக்கே உண்டாகும் மின்விசை துகள்களை இழுத்துக் கொஞ்சம் நகர்த்துகிறது. அடுக்கு தடிக்கத் தடிக்க அந்த விசை தளர்ந்து, வளர்ச்சி ஏறத்தாழ நின்றேவிடுகிறது. 1940களின் இறுதியில் கப்ரேரா, மாட் என்ற இருவர் சொன்ன விளக்கம் இது. எவர்சில்வரில் காவல் நிற்பது குரோமியம் ஆக்சைடு. இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் கலந்தால்தான் அந்தக் காவல் முழுமையாக அமையும்.

நெல் சாகுபடி செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் செம்பழுப்பாக ஒரு பூச்சு தெரியும். நெல்லின் தண்டு, இலையுறைகளில் உள்ள காற்றுக்குழல் வழியாக ஆக்சிஜன் வேருக்கு இறங்கி, வேரிலிருந்து வெளியே கசிகிறது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அதோடு சேர்ந்து வேரின் மேல் துருவாகப் படிகிறது. அது நோயல்ல, வேர் மூச்சு விடுகிறது என்பதற்கு அடையாளம். வேர் கன்னங்கரேலென்று அழுகல் முட்டை நாற்றம் அடித்தால்தான் கவலைப்பட வேண்டும். உடனே தண்ணீரை வடித்து வயலைக் காயப்போட வேண்டும்.

துருவின் இந்தப் பசியை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. கேக், இனிப்புப் பொட்டலங்களில் "சாப்பிடக்கூடாது" என்று அச்சடித்த சின்னப் பை கிடக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒரு வகை. இன்னொரு வகைப் பையில் இருப்பது இரும்புத்தூளும் கொஞ்சம் உப்பும். 1970களில் ஜப்பானில் சந்தைக்கு வந்தது. ஒரு கிராம் இரும்பு கிட்டத்தட்ட 300 மில்லி ஆக்சிஜனைத் தின்னும், பொட்டலத்துக்குள் பூஞ்சணமும் பூச்சியும் பிழைக்க முடியாது. வாசகரின் டேங்கர் ஏழு மாதமாக ஒரு பெரிய கேக் பொட்டலமாக இருந்திருக்கிறது. உள்ளே இறங்கியது மனிதர்.

இனி செய்ய வேண்டியது.

டேங்கரை நிறுத்தி வைக்கும்போது மூடியை இறுக்கவே கூடாது. திறந்து வைத்து, கொசு புகாத வலையைக் கட்ட வேண்டும். டெங்கு கொசுவுக்கு ஒரு விரற்கடைத் தண்ணீர் தாராளம். அந்தத் தண்ணீரையும் விடக்கூடாது. டிரெய்லரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின்னால் வடிந்துவிடும். வெல்டரிடம் கொடுத்து அடித்தட்டிலேயே ஒரு வடிகால் திருகு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இறங்கியே ஆக வேண்டும் என்றால், இருக்கும் வழிகளில் எளியது தண்ணீர்தான். வாய் தளும்ப நிரப்ப வேண்டும். உள்ளே இருந்த கெட்ட காற்று முழுவதும் வெளியேறிவிடும். மூடியைத் திறந்தபடியே வால்வைத் திறந்து வடித்தால், தண்ணீர் இறங்க இறங்க நல்ல காற்று மேலிருந்து புகும். மூடியைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வாய் சிறிதாக உள்ள தொட்டியில் காற்று தானாக மாற வெகு நேரம் பிடிக்கும். வடித்த பிறகும் வேலை முடியும் வரை புளோயரோ மின்விசிறியோ வைத்து, குழாய் மூலம் அடிவரை காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே, அதைத் திறந்துவிடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே கூடாது. ஆக்சிஜன் கூடிய இடத்தில் ஒரு பொறி பட்டால் உடுத்திய துணியே குபீரெனப் பற்றும்.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. ஆக்சிஜன் நூற்றுக்கு 16 அளவுக்கு இறங்கினால் சுடர் அணையும் என்பது உண்மைதான். ஆனால் 19-ல் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். விஷவாயு இருந்தாலும் எரியும். சாண எரிவாயுக் குழியிலோ தின்னர் வாடை நிற்கும் தொட்டியிலோ இறக்கினால் வெடிக்கும். கொரோனா காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் கருவியும் இதற்கு உதவாது. அது ரத்தத்தை அளக்கும், தொட்டியை அளக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜனை அளக்கவென்றே கையடக்கக் கருவி இருக்கிறது. அவற்றில் ஒரு வகைக்குள் சின்ன ஈயத்துண்டு ஒன்று ஆக்சைடாக மாறிக்கொண்டே இருக்கும், மாறும் வேகத்தை வைத்து ஆக்சிஜன் அளவைக் காட்டும். ஆபத்தைக் கண்டுபிடிக்கவும் துருப்பிடிக்கும் வித்தைதான்! பத்துப் பேர் சேர்ந்த உழவர் குழுவாக இருந்தால் பொதுவில் ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவாகாது.

இறங்குபவர் தோளோடு சேர்த்துக் கயிறு கட்டியிருக்க வேண்டும். வெளியே ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிற்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால், மயங்கியவரைச் சின்ன வாய் வழியாகத் தூக்கும்போது உடம்பு மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பதில் வரவில்லை என்றால் கயிற்றை இழுக்க வேண்டும், புளோயரை உள்ளே திருப்ப வேண்டும், 108-க்கும் தீயணைப்பு நிலையத்தின் 101-க்கும் பேச வேண்டும். யாரும் பின்னாலேயே இறங்கக்கூடாது. கிணற்றிலும் குழியிலும் தொட்டியிலும் இறந்தவர்கள் பட்டியலைப் பார்த்தால், காப்பாற்றப் போனவர்கள் பலர் அதில் இருப்பார்கள். அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டுப் பையன் என்று வரிசையாக இருக்கும்.

தொட்டியை மாற்றலாமா என்ற கேள்விக்கு: மாற்ற வேண்டாம். அரை டன் நல்ல இரும்பைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் டேங்கர் செய்ய ஆகும் செலவை, தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிச் சம்பாதித்துவிட முடியாது. அலுமினியம் துருப்பிடிக்காதுதான், ஆனால் அந்த மெல்லிய காவலுக்கும் எதிரிகள் உண்டு. சுண்ணாம்பு, சாம்பல் நீர், ஈரச் சிமென்ட் மூன்றும் அந்த ஆக்சைடையே கரைத்துவிடும். போர்டோ கலவையை அலுமினியப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்பதற்கு இரட்டைக் காரணம்: சுண்ணாம்பு தோலை உரிக்கும், மயில்துத்தத்தின் செம்பு அங்கே படிந்து ஓட்டை போடும். தெளிப்பு நீர்ப் பாசனத்தின் அலுமினியக் குழாய்களைச் சாம்பல் மேட்டிலோ சிமென்ட் மூட்டை பக்கத்திலோ அடுக்காமல், கட்டைமேல் தூக்கி வைத்தால் நெடுநாள் உழைக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு நடுத்தரமான வழி. ஆனால் ஈரத்தில் துத்தநாகமும் ஆக்சிஜனை எடுக்கும். ஜி.ஐ. தொட்டி என்றாலும் மூடி வைத்திருந்தால் அதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே இருக்கிற டேங்கரையே சுரண்டி, குடிநீர்த் தொட்டிக்கென்று விற்கும் எபாக்சி பெயின்டை இரண்டு கை அடித்தால் போதும். சுரண்டியதும் தாமதிக்காமல் அன்றைக்கே முதல் கையை அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் மெல்லிய துரு திரும்பப் படர்ந்து, பெயின்ட் அதன்மேல் உட்கார்ந்து பின்னாளில் பெயரும். பெயின்ட் அடிக்கும்போது தொட்டிக்குள் கூடுவது தின்னர் ஆவி. அது மயக்கவும் செய்யும், பற்றவும் செய்யும். பீடி, கிரைண்டர், வெறும் பல்பு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை வெளியே வரச் சொல்ல வேண்டும். இரண்டாவது கை காய்ந்து வாடை முழுவதும் போன பிறகு, முதல் இரண்டு முறை நிரப்பும் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றாமல் வடித்துவிட வேண்டும். தம்பிக்குத் தலைவலி விட்டுவிட்டது என்றாலும் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட்டு, பெயின்ட் வேலைக்கு இந்த முறை வேறு ஆளை இறக்கலாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் வேலை தம்பிக்கு இருக்கட்டும்.